நாம் இந்த ஊருக்கு வந்தவர்களா? சூரமங்கலத்திலிருந்து இரண்டு சிறு பயணங்கள்



கோடை விடுமுறைக்குச் சில நாட்களுக்கு முன், சூரமங்கலத்தில் மஃரிபுக்குப் பின் நடக்கும் மதரஸா வகுப்பில் அன்தலூஸ் வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தோம். குர்துபாவின் நூலகங்களையும் கிரனாடாவின் அல்ஹம்ரா தோட்டங்களையும் பிள்ளைகள் கண் இமைக்காமல் கேட்டனர். பாடம் முடிந்ததும் பன்னிரண்டு வயது மாணவர் ஒருவர் தயங்கி எழுந்து, “ஹஜ்ரத், நாம இந்த ஊருக்கு வந்தவங்களா?” என்று கேட்டார். பள்ளிக்கூடத்தில் உடன் படிக்கும் பிள்ளை ஒருவர் அப்படிச் சொல்லியிருக்கிறார். கோபத்தில் சொன்னதன்று, வீட்டில் கேட்டதை அப்படியே சொல்லியிருக்கிறார்.

திப்பு சுல்தானின் பெயர்தான் நம் நாவில் முதலில் வந்தது. “நம்மவர் ஆண்ட மண் இது” என்று சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை மகிழ்ந்திருப்பார். ஆனால் அது சரியான விடையன்று என்று உள்ளம் உறுத்தியது. ஓர் அரசர் சில காலம் ஆண்டார் என்பதால் ஒரு சமுதாயத்துக்கு ஒரு மண்ணில் உரிமை வந்துவிடுமானால், அந்த ஆட்சி முடிந்த நாளில் அவ்வுரிமையும் போய்விடும் அல்லவா? ஆகவே, “இன்ஷா அல்லாஹ், போய்ப் பார்த்துவிட்டுப் பேசுவோம்” என்று சொல்லி வகுப்பை முடித்தோம்.

பூமியில் பயணம் செய்து, முன்சென்றோரின் நிலையைக் கண்டு படிப்பினை பெறுமாறு அல்குர்ஆன் பல இடங்களில் நம்மை அழைக்கிறது. குர்துபாவுக்குப் போக நம்மிடம் பொருளில்லை. சங்ககிரிக்கும் ஏற்காட்டுக்கும் போகப் பொருளும் நேரமும் இருந்தன. நான்கு குடும்பங்கள், 11 பேர், ஒரு வேன், இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் என்று திட்டமிட்டோம். மூவர் பயணம் புறப்பட்டால் ஒருவரை அமீராக ஆக்கிக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியுள்ளார்கள். இந்த நபிமொழி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. இரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரை அமீராக்கினோம். “யாரும் அவசரப்படக் கூடாது, யாரும் பின்தங்கவும் கூடாது” என்பதே அவர் இட்ட முதல் கட்டளை. ஐம்பது பேர் பேருந்தில் செல்லும் சுற்றுலாக்களில் இரண்டுமே நடப்பதுண்டு.

ஊர்ப் பெயரில் ஒளிந்திருக்கும் வரலாறு

பயணம் வீட்டு வாசலிலேயே தொடங்கிவிட்டது. சென்னையிலிருந்து வந்த இருப்புப்பாதை 1861இல் சேலத்தை எட்டியது; மறு ஆண்டு மேற்குக் கடற்கரையின் பேப்பூர் வரை முழுவதும் இணைந்தது. அந்தப் பாதையின் நிலையம் அமைந்த இடம் சூரமங்கலம். இன்று சேலம் ஜங்ஷன் என்று நாம் அழைப்பது அதையே. நம் மஹல்லாவில் தலைமுறைகளாக வாழும் இரயில்வே குடும்பங்கள் பலவற்றின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

நிலையத்தைத் தாண்டினால் ஜாகீர் அம்மாபாளையம், ஜாகீர் ரெட்டிப்பட்டி என்னும் ஊர்கள் வருகின்றன. அம்மாபாளையமும் ரெட்டிப்பட்டியும் தமிழ்ப் பெயர்கள். ஜாகீர் என்பது பாரசீகச் சொல். சம்பளத்துக்கு ஈடாக ஒருவருக்கு வருவாய் உரிமை வழங்கப்பட்ட நிலத்தை அது குறிக்கும். பிள்ளைகளிடம் ஒரு விளையாட்டு வைத்தோம்: வீட்டுப் பத்திரத்திலும் தாலுகா அலுவலகத்திலும் வழங்கும் அரபு, பாரசீகச் சொற்களைத் தேடச் சொன்னோம். ஜில்லா, தாலுகா, தாசில்தார், வசூல், மகசூல், பசலி, ஜமாபந்தி, ஜப்தி என்று பட்டியல் நீண்டது. இவற்றை எல்லாச் சமயத்தாரும் நாள்தோறும் பேசுகிறார்கள். அயற்சொல் என்று எவரும் எண்ணுவதில்லை.

சேலம் பகுதி தாரமங்கலத்துக் கெட்டி முதலியார்களிடம் இருந்தது. பின்னர் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் மைசூர் உடையார்களிடம் சென்றது. 1761 அளவில் மைசூரின் ஆட்சிப் பொறுப்பு ஹைதர் அலியின் கைக்கு வந்தபோது இப்பகுதியும் அவர் ஆட்சியில் அடங்கியது. 1792இல் மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில் ஸ்ரீரங்கப்பட்டின உடன்படிக்கை ஏற்பட்டது. திப்பு தம் நாட்டில் ஏறத்தாழப் பாதியையும் 3 கோடியே 30 லட்சம் ரூபாயையும் தர ஒப்புக்கொண்டு, தம் மைந்தர் இருவரைப் பிணையாக அனுப்ப நேர்ந்தது. பாராமகாலும் சேலமும் கும்பினியாரிடம் சென்றது அப்போதுதான். இங்கே அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாளராக இருந்த தாமஸ் மன்றோவும் ஒவ்வோர் உழவரிடமும் நேரடியாக வரி பெறும் முறையைச் சோதித்து வளர்த்தனர். அந்த முறையின் பெயரான ரயத்துவாரியும் அரபு மூலத்தைக் கொண்டதே.

ஆக ஹைதரும் திப்புவும் இந்த மண்ணை ஆண்டது ஏறத்தாழ 30 ஆண்டுகள் மட்டுமே. கணக்கைக் கேட்ட மாணவர் முகம் வாடியது. “முப்பது வருஷம்தானா ஹஜ்ரத்?” என்றார். “ஆம், அவ்வளவுதான், உண்மையைக் கூட்டிச் சொல்ல நமக்கு அனுமதி இல்லை” என்றோம்.

சங்ககிரிக் கோட்டை

முதல் ஞாயிறு ஃபஜ்ர் தொழுதவுடன் புறப்பட்டோம். சூரமங்கலம் உழவர் சந்தையில் வெள்ளரிப் பிஞ்சும் கொய்யாவும் மாம்பழமும் வாங்கிக்கொண்டோம். சேலத்திலிருந்து தென்மேற்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் சங்ககிரி மலை நிற்கிறது. வெயில் ஏறுமுன் மலை ஏறுவது நலம். அடுக்கடுக்கான வாயில்களைக் கடந்து செல்வதற்குள் இளைஞருக்கே மூச்சு வாங்குகிறது. முதியவர்கள் இருவரையும் அடிவாரத்து மர நிழலில் அமரச் செய்து, துணைக்கு ஒரு குடும்பத்தையும் விட்டுவிட்டே மற்றவர்கள் ஏறினோம்.

கோட்டைக்குள் பெருமாள் கோவில் உண்டு. மலையில் இறைநேசர் ஒருவரின் தர்காவும் உண்டு. விஜயநகர காலத்தில் உருவாகி, பின்வந்த பாளையக்காரர்களும் மைசூராரும் கும்பினியாரும் அடுத்தடுத்துப் பயன்படுத்திய கோட்டை இது. தெற்கே நாமக்கல்லிலும் இத்தகைய காட்சியைக் காணலாம். அங்கே ஒற்றைப் பாறையின் உச்சியில் கோட்டைச் சுவருக்குள் வரதராசப் பெருமாள் கோவிலும் பள்ளிவாசலும் இருக்கின்றன. பாறையின் அடியில் 8ஆம் நூற்றாண்டில் அதியமான்கள் குடைந்த கோவில்கள் உள்ளன. அக்கோட்டையைத் “திப்பு கட்டியது” என்று நம்மவர் பலர் சொல்வர். 17ஆம் நூற்றாண்டில் இராமச்சந்திர நாயக்கர் கட்டியது என்பதே வரலாற்று நூல்கள் தரும் செய்தி. திப்பு அதைப் பயன்படுத்தினார். கட்டியவருக்கு உரிய புகழை அவருக்கே தருவது நீதி.

சங்ககிரியில் 1805 ஜூலை 31 அன்று தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்டார். அவரைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி ஒன்றைப் பிள்ளைகளுக்குச் சொன்னோம். கொங்கு நாட்டில் தண்டிய வரிப்பணம் மைசூருக்குப் போவதைப் பொறாமல், அதை வழிமறித்துப் பறித்து ஏழைகளுக்குக் கொடுத்தவராம் அவர். அதே சின்னமலை பின்னாளில் கொங்குப் படையுடன் சென்று திப்புவின் பக்கம் நின்று கும்பினியாரை எதிர்த்தார். திப்பு 1799இல் வீழ்ந்த பின்னும் போரைக் கைவிடவில்லை. “அப்ப அவர் திப்புவுக்கு எதிரியா, நண்பரா?” என்று ஒரு சிறுமி கேட்டார். இரண்டுமாக இருந்தார். மைசூரின் வரிச்சுமை இம்மக்களை வருத்தியது என்பதையும் மறைக்கக் கூடாது. அந்நிய ஆதிக்கத்தை எதிர்க்க இருவரும் தோள் சேர்ந்தனர் என்பதையும் மறக்கக் கூடாது. ஒரு பாதியை மட்டும் சொல்வோர் எல்லாத் தரப்பிலும் இருக்கிறார்கள். நம் பிள்ளைகளாவது முழுவதையும் அறியட்டும்.

ஆற்றங்கரைப் பள்ளியும் இஸ்னாதும்

நண்பகலில் சேலம் திரும்பி, திருமணிமுத்தாற்றங்கரையில் உள்ள ஜாமிஆ மஸ்ஜிதில் லுஹர் தொழுதோம். நகரின் பழமையான பள்ளிவாசல் அது. திப்பு சுல்தான் இங்கே தொழுதார் என்பது சேலத்து முஸ்லிம்கள் பாட்டன் காலந்தொட்டுச் சொல்லிவரும் செய்தி. தொழுகை முடிந்து திண்ணையில் அமர்ந்தபோது அதைப் பற்றியே பேச்சு எழுந்தது.

ஹதீஸ் கலை நமக்குக் கற்பித்த பேரொழுக்கம் ஒன்றுண்டு: யார் சொன்னார், யாரிடமிருந்து கேட்டார், இடையில் எவரேனும் விடுபட்டாரா என்று கேட்பது. இஸ்னாத் என்னும் இந்தச் சங்கிலியை ஆராயத் தம் வாழ்நாளையே செலவிட்டவர்கள் நம் இமாம்கள். நபிமொழியிலேயே இத்தனை கவனம் காட்டிய சமுதாயம், ஊர்க்கதையில் மட்டும் கேட்டதையெல்லாம் உறுதியென்று பரப்பலாமா? “திப்பு இங்கே தொழுததாகப் பெரியவர்கள் சொல்கிறார்கள்” என்பது உண்மையான வாக்கியம். “திப்பு இங்கே இன்ன நாளில் தொழுதார்” என்பதற்குச் சான்று வேண்டும். இந்த வேறுபாட்டைப் பிள்ளைகள் பத்து நிமிடத்தில் புரிந்துகொண்டார்கள். கைப்பேசியில் வரும் செய்திகளை ஆராயாமல் அனுப்பிவிடும் பெரியவர்களாகிய நமக்குத்தான் அது இன்னும் கைவரவில்லை.

பள்ளிவாசலின் மதிப்பு ஓர் அரசர் வந்து தொழுததால் ஏற்படுவதன்று. பெயர் தெரியாத நெசவாளரும் தோல் வணிகரும் வண்டியோட்டியும் நாள்தோறும் ஐவேளை நெற்றியைத் தரையில் வைத்த இடம் அது. அவர்களில் எவர் பெயரும் எந்த நூலிலும் இல்லை. ஆனால் அல்லாஹ்விடம் பதிவு இருக்கிறது.

ஏற்காட்டுத் தோட்டங்களும் கஹ்வாவும்

இரண்டாம் ஞாயிறு சேர்வராயன் மலை ஏறினோம். 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் காற்று மாறிவிடுகிறது. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி படர்ந்திருக்க, அவற்றின் நிழலில் காப்பிச் செடிகள் வளர்கின்றன. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பியையும் பேரி முதலிய பழ மரங்களையும் பயிரிடச் செய்தார். அதற்கு முன்பிருந்தே இம்மலையில் வாழ்பவர்கள் ‘மலையாளி’ எனப்படும் மலைமக்கள். பாதையோரத்தில் பலாச்சுளையும் மிளகும் விற்ற ஓர் அம்மாளிடம் பிள்ளைகள் பேச்சுக் கொடுத்தனர். தோட்டங்கள் வருமுன் தம் முன்னோர் சாமையும் கேழ்வரகும் விளைவித்த கதையை அவர் சொன்னார்.

காப்பியின் கதை நமக்கு மிக நெருக்கமானது. 15ஆம் நூற்றாண்டில் எமன் நாட்டு சூஃபிகள் இரவு வணக்கத்தில் விழித்திருப்பதற்காக அதை அருந்தினர். அவர்கள் வைத்த பெயர் கஹ்வா. 1511இல் மக்காவில் அதற்குத் தடை விதிக்கப்பட்டது, அது நிலைக்கவில்லை. அதே நூற்றாண்டில் அப்துல் காதிர் அல்ஜஸீரீ என்னும் அறிஞர், காப்பி அருந்துவது ஆகும் என்பதற்கு ஒரு நூலே எழுதினார். 17ஆம் நூற்றாண்டில் பாபா புதன் என்னும் இறைநேசர் எமனின் மோக்காவிலிருந்து ஏழு விதைகளைக் கொண்டுவந்து சிக்கமகளூர் மலையில் நட்டதாகக் கர்நாடகத்தில் வழங்கும் செய்தியையும் பலர் அறிவர். “இதுக்கு இஸ்னாத் இருக்கா ஹஜ்ரத்?” என்று நம் மாணவர் உடனே கேட்டுவிட்டார். அல்ஹம்துலில்லாஹ், முதல் ஞாயிறு வீண்போகவில்லை. இதுவும் வழிவழிச் செய்தி என்ற அளவிலேயே சொல்லத்தக்கது. எனினும், நம் குவளையில் உள்ள அரபிகா காப்பி தன் பெயரிலேயே அரபு நாட்டின் நினைவைச் சுமந்திருக்கிறது.

ஏற்காட்டில் இந்தியத் தாவர மதிப்பாய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. பூச்சிகளைப் பிடித்து உண்ணும் குடுவைச் செடியை அங்கே கண்ட சிறுவர்கள் நகர மறுத்தார்கள். சுவர்க்கத்துக்கு அல்குர்ஆன் தரும் பெயரே ‘ஜன்னத்’. தோட்டம் என்பது அதன் பொருள். முஸ்லிம் ஆட்சியாளர்கள் சென்ற இடமெல்லாம் தோட்டம் அமைத்ததில் இந்நினைவும் உண்டு. 1760இல் ஹைதர் அலி பெங்களூரில் லால்பாக்கைத் தொடங்கினார். திப்பு பல நாடுகளிலிருந்து செடிகளை வரவழைத்து அதை வளர்த்தார். ஆனால் தோட்டம் அரசருக்கு மட்டும் உரியதன்று. ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து பறவையோ மனிதரோ விலங்கோ உண்டால் அது அவருக்குத் தர்மமாகும் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியுள்ளார்கள். கொல்லையில் ஒரு முருங்கை நட்ட ஏழைக்கும் அந்தக் கூலி உண்டு.

உமறுப்புலவர் சீறாப்புராணத்தின் நாட்டுப் படலத்தில் அரபு நாட்டைப் பாடியபோது, மழை பொழிந்து ஆறு பெருகி வயல் விளையும் தமிழ் நிலமாகவே அதைக் காட்டினார். நபிகளார் மீது கொண்ட அன்பைச் சொல்ல அவருக்குத் தமிழ் மண்ணின் நெல்லும் நீரும்தான் கிடைத்தன. அதைவிடச் சிறந்த உரிமைப் பத்திரம் நமக்கு வேறு வேண்டுமா?

ஜவ்வரிசி சொன்ன விடை

மதிய உணவை வீட்டிலிருந்தே கொண்டு சென்றோம். ஒரு வீட்டார் சீரகச் சம்பா பிரியாணி, இன்னொரு வீட்டார் தயிர்ச் சோறும் மாங்காய் ஊறுகாயும், மூன்றாம் வீட்டார் ஜவ்வரிசிப் பாயசம். பதினான்காம் நூற்றாண்டில் நம் நாட்டைச் சுற்றி வந்த இப்னு பதூதாவும் பச்சை மாங்காய் ஊறுகாயைத் தம் பயண நூலில் குறித்திருக்கிறார் என்றதும், ஊறுகாய்ச் சாடி உடனே காலியாயிற்று. பழத்துக்குச் சேலத்தில் சொல்லவா வேண்டும்? மல்கோவாவும் சேலம் குண்டும் சேந்தூராவும் இமாம் பசந்தும் சந்தையில் ஒன்றாகவே குவிந்திருக்கின்றன. பசந்த் என்றால் பாரசீகத்தில் விருப்பம். பழத்தை விரும்புவோர் அதன் பெயரின் மொழியைக் கேட்பதில்லை.

பாயசம் பரிமாறியபோது ஜவ்வரிசியின் வரலாற்றைச் சொன்னோம். ஜாவா அரிசி என்பதே ஜவ்வரிசி ஆயிற்று என்பர். ஒரு காலத்தில் அது மலேயாவிலிருந்து கப்பலில் வந்தது. இரண்டாம் உலகப் போரில் அந்த வரவு நின்றுபோக, 1943இல் சேலத்தில் மாணிக்கம் செட்டியாரும் பொபட்லால் ஷாவும் மரவள்ளிக் கிழங்கிலிருந்து அதைச் செய்யத் தொடங்கினர். கிழங்கின் தாயகமோ தென் அமெரிக்கா. போர்ச்சுக்கீசியர் வழியாக நம் நாட்டுக்கு வந்தது. 1981இல் சேகோசர்வ் கூட்டுறவு நிறுவனம் அமைந்தது. அது நம் ஜாகீர் அம்மாபாளையத்தில்தான் இருக்கிறது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நோன்பு திறக்கும் நேரத்திலும் பெருநாளிலும் நம் வீடுகளில் வேகும் ஜவ்வரிசி இதுவே.

கேட்டுக்கொண்டிருந்த முதிய தாயார் ஒருவர், “கிழங்கே வேற தேசத்துலேருந்து வந்து சேலத்துக்குச் சொந்தமாயிடுச்சு. இங்கயே பொறந்து இங்கயே மையத்தாங்கரைக்குப் போற நம்மள யாரு வந்தவங்கன்னு சொல்றது?” என்றார். எல்லோரும் சிரித்தோம். கேள்வி கேட்ட மாணவர் சிரிக்கவில்லை, யோசித்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு நாம் சொன்ன விடை இது. நம்மில் பெரும்பாலோரின் முன்னோர் இந்த மண்ணிலேயே பிறந்து, இஸ்லாத்தின் அழைப்பைக் கேட்டு ஏற்றவர்கள். காயல்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் குதிரையும் முத்தும் விற்ற அரபு வணிகர் வழியாகவும், இறைநேசர்கள் வழியாகவும் அந்த அழைப்பு வந்தது. குதிரை வீரரைக் குறிக்கும் இராவுத்தர் என்னும் பெயர் இன்றும் நம் குடும்பங்களில் உண்டு. சிலர் மைசூர்ப் படையோடும் வணிகத்தோடும் வந்து, தக்கனி உருதுவை வீட்டில் பேசி, தமிழைத் தெருவில் பேசி, இங்கேயே வேரூன்றினர். வந்தவரும் உண்டு, இருந்தவரும் உண்டு; இன்று எல்லோரும் இவ்வூரார். இதை நிறுவ எந்த அரசரின் பெயரும் தேவையில்லை.

இப்படிப் பயணம் செல்ல விரும்புவோருக்கு

பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம். பெண்களையும் முதியோரையும் கேட்டே இடங்களையும் நேரத்தையும் முடிவு செய்யுங்கள். ஒளுவுக்கும் கழிப்பறைக்கும் வசதியுள்ள இடங்களை முன்னரே விசாரித்துக்கொள்ளுங்கள். சங்ககிரியும் ஏற்காடும் சேலத்திலிருந்து 40 கிலோமீட்டருக்குள் உள்ளவை. கஸ்ருக்கு நம் மத்ஹபுகள் கூறும் தூரம் ஒரு வழிக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் என்பதால், இத்தகைய பயணங்களில் தொழுகையை முழுமையாகவே தொழ வேண்டும். போக வரக் கூட்டிக் கணக்கிடுவது தவறு. கோட்டைச் சுவரில் பெயர் கிறுக்குவதும் குப்பையை விட்டு வருவதும் அமானிதத்துக்குத் துரோகம். பிற சமயத்தாரின் கோவில் அருகே செல்லும்போது அவர்கள் மனம் நோகாமல் நடப்பது நம் கடமை. தோட்டத்துப் பழத்தைக் கேளாமல் பறிக்க வேண்டாம். பாதையோரத்தில் விற்பவரிடம் பேரம் பேசாமல் வாங்குங்கள்.

மாலையில் இறங்கி வந்து, காரட்டும் பீட்ரூட்டும் சட்னியும் வைத்த தட்டுவடை செட்டைச் சேலத்துத் தெருவோரத்தில் நின்று உண்டோம். அடுத்த வாரம் அந்த மாணவர், தம்மிடம் அவ்வாறு கேட்ட நண்பரையும் ஒருநாள் சங்ககிரிக்கு அழைத்துச் செல்லலாமா என்று கேட்டார். அமீர் பெரியவர் இப்போதே ஒரு நாளைக் குறித்து வைத்திருக்கிறார்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும் உண்மையை மட்டும் பேசும் நாவையும் தருவாயாக. நாங்கள் வாழும் இந்த ஊரைப் பாதுகாப்பானதாக ஆக்கி, இதன் மக்கள் அனைவரின் உள்ளங்களையும் இணைப்பாயாக. ஆமீன்.

வல்லாஹு அஃலம்.